நூற்று நாற்பத்தேழாவது பெயர்

லின்ஹோய்,
16 செப்டெம்பர் 2025

தங்கை மரினாவுக்கு,

பத்து நிமிடம் சைக்கிள் மிதித்தால் உன் வீட்டு வாசல். அந்த வாசலிலிருந்து திரும்பி வந்துதான் இதை எழுதுகிறேன். நேற்று மூன்று தரம் மணி அடித்தேன். உள்ளே தாளிக்கிற வாசம் வந்தது, வானொலி கேட்டது, கதவு மட்டும் திறக்கவில்லை. தொலைபேசியில் என்னையும் உன் அண்ணியையும் சேர்த்தே தடுத்து வைத்திருக்கிறாய் என்று விக்ரோரியா கண்டுபிடித்துச் சொன்னாள். அவள் என்ன குற்றம் செய்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் கடிதம் எழுதி இருபது வருடம் இருக்கும். எங்கள் தெருமுனையில் நின்ற சிவப்புத் தபால் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கடையில் கொடுத்தால் இது தபால் வான் ஏறி வேறு ஊருக்குப் போய், அங்கிருந்து திரும்பி உன் வீட்டுக்கு வருமாம். மூன்று நாலு நாள் ஆகும் என்றான் கடைக்காரப் பெடியன். ஆகட்டும், அதற்குள் உன் கோபமும் ஆறியிருக்கும்.

வியாழக்கிழமைப் பொதுக்கூட்டத்தில் நடந்தது எனக்கும் சந்தோஷமில்லை. ஆனால் நான் எதையும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஐஸ் மண்டபத்தைப் பெருப்பிக்கப் போகிறோம், இரண்டாவது ஐஸ் தளம் போடப் போகிறோம் என்று டெனிஷ் நகரசபைக் கொம்யூன் வரைபடம் வெளியிட்டபோதே, பக்கத்து மண்டபத்தை இடித்துத்தான் அதைச் செய்வார்கள் என்று தெரிந்துவிட்டது. அவர்களுக்கு அது பழைய கேர்லிங் விளையாட்டு மண்டபம். எங்களுக்கு இருபத்திரண்டு வருட மண்டபம். பிள்ளைகளின் தமிழ் வகுப்பு அங்கே, மடு மாதா திருநாள் அங்கே. உன் பேதுருவின் முப்பத்தோராம் நாள் சாப்பாடும் அங்கேதான் நடந்தது. கத்தோலிக்கத் தமிழர் மன்றத்துக்குத் தலைவர் என்று ஒருவனை வைத்துவிட்டு, அவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்றால் எப்படி?

ஆட்சேபம் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். பூசை முடிந்து கோப்பி குடிக்கிற நேரம் தாள் சுற்றி வந்தது. எங்கள் சனத்தை உனக்குத் தெரியாதா? வாசித்தவர் ஒருவருமில்லை. "அண்ணை, எங்கட வீட்டுக்கும் நீங்களே போட்டுவிடுங்கோ" என்று பாதிப் பேர் சொல்லிவிட்டுப் பணிஸ் எடுக்கப் போய்விட்டார்கள். வீட்டுக்கு மூத்தவர் எல்லோருக்குமாகப் போடுவது எங்கள் வழக்கம். கொம்யூனின் படிவம்தான் ஆளுக்கொரு வரி கேட்டது. அதனால் மன்றப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு, விடுபட்ட பெயர்களை நானே எழுதினேன். பேதுரு போன நாளிலிருந்து உன் வீட்டுக்கு மூத்த ஆம்பிளை நான்தானே. உன் பிள்ளை ஸ்ரெபானியின் பள்ளித் தாள், பல் வைத்தியத் தாள், சுற்றுலாத் தாள் என்று எத்தனை போட்டிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் கை இதையும் போட்டுவிட்டது. இதற்குள் வேறு சூது ஒன்றுமில்லை.

அவள் சின்னப் பிள்ளை. நாலு நாளில் மறந்துவிடுவாள், நீ அவளை மறக்க விட்டால். ஞாயிறு பூசைக்கு இரண்டு பேரும் வாருங்கள்.

உன் அண்ணன்
லோரன்ஸ்


லின்ஹோய்,
21 செப்டெம்பர் 2025

அண்ணைக்கு,

உங்கள் கடிதம் நாலாம் நாள் வந்தது. கோபம் ஆறவில்லை.

"பொதுக்கூட்டத்தில் நடந்தது" என்று ஒரு வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். நடந்ததை நான் எழுதுகிறேன், நீங்கள் இருந்து வாசியுங்கள்.

ஸ்ரெபானிக்குப் பதினேழு வயது. பெண்கள் ஐஸ் ஹொக்கி அணியின் கோல்கீப்பர். இந்த ஊரில் இருப்பது ஒரே ஒரு ஐஸ் தளம். ஆண்கள், சிறுவர்கள், ஓய்வூதியக்காரர்கள் எல்லோரும் பங்கு எடுத்த பிறகு பெண்களுக்கு மிஞ்சுவது ஞாயிறு காலை ஆறு மணி. அது முடிந்து ஈரத் தலையோடு பூசைக்கு ஓடிவருவாள். "பிள்ளை, தேவமாதாவுக்கே தடிமன் பிடிக்கப் போகுது" என்று நீங்களே அவளைப் பகிடி பண்ணியிருக்கிறீர்கள். இரண்டாவது தளம் வராவிட்டால் பெண்கள் அணியைக் கலைப்பது என்று ஹொக்கிக் கழகம் முடிவெடுத்திருந்தது. அதனால்தான் பேசுவதற்கு அணி அவளை அனுப்பியது. மூன்று கிழமை இருந்து எழுதினாள். குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்தாள். எனக்கு வேலைக்கு நேரம் போகிறது என்று கதவைத் தட்டினால், இன்னும் இரண்டு நிமிடம் என்பாள்.

முதல் தாளைக்கூட அவள் முடிக்கவில்லை. கார்ஸ்டன் எழும்பினார். வரி கூடும் என்று முதல் நாளிலிருந்து விரிவாக்கத்தை எதிர்க்கிறவர், உங்களோடு கை குலுக்கிக்கொண்டு உள்ளே வந்தவர். கொம்யூன் அன்று பிற்பகல்தான் ஆட்சேபங்களை இணையத்தில் ஏற்றியிருந்தது. உங்கள் பட்டியலை அப்படியே அச்சடித்துக் கையில் வைத்திருந்தார். "நூற்று நாற்பத்தேழாவது பெயர், ஸ்ரெபானி பேதுரு. இது நீதானா? வேண்டாம் என்று கையெழுத்து வைத்துவிட்டு, வேண்டும் என்று பேச வந்திருக்கிறாயா?" என்று கேட்டார். மண்டபம் நிறைந்த சனம் சிரித்தது.

தாளை அவளிடம் கொடுத்தார்கள். அது யாருடைய எழுத்து என்று அவளுக்குப் பார்த்தவுடனே தெரியும். பாலர் வகுப்பிலிருந்து அவளுடைய தாள்களில் இருந்தது அந்த எழுத்துத்தான். தலையை நிமிர்த்தி உங்களைப் பார்த்தாள். நீங்கள் மூன்றாவது வரிசையில் நீல ஜக்கெற் போட்டுக்கொண்டு இருந்தீர்கள். "இது என் மாமா போட்டது" என்று அவள் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஓம், அது என் பெயர்" என்றாள், இறங்கி வந்தாள். உங்களைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றினாள். நீங்கள் எழும்பவில்லை.

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று எத்தனை கல்யாண வீட்டில் ஒலிவாங்கி பிடித்துப் பேசியிருக்கிறீர்கள். அன்று உங்களில் ஒன்றும் ஆடவில்லை, அண்ணை. நான் பின்வரிசையில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. எந்த நாளும் என்னோடு டெனிஷில் கதைக்கிறவள், அன்று தமிழில் கேட்டாள்: "மாமா ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?" உங்கள் கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை.

ஒக்டோபர் ஏழாம் திகதி நகரசபையில் வாக்கெடுப்பு. அதற்கு முன் நீங்கள் கொம்யூனுக்கு ஒரு வரி எழுத வேண்டும். "அந்தக் கையெழுத்தை நான் போட்டேன், அவளைக் கேட்காமல் போட்டேன்." இவ்வளவுதான். உங்கள் ஆட்சேபத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மண்டபத்துக்காக எவ்வளவும் சண்டை பிடியுங்கள். என் பிள்ளையின் பெயரைத் திருப்பிக் கொடுங்கள்.

மரினா


லின்ஹோய்,
27 செப்டெம்பர் 2025

மரினாவுக்கு,

வக்கீல் கடிதம் வந்தது போல இருந்தது. முப்பது வருடமாக முதியோர் இல்லத்தில் அறிக்கை எழுதி எழுதி உனக்கு இந்தக் கை வந்திருக்கிறது.

ஒரு வரி என்று சுலபமாகச் சொல்கிறாய். அந்த ஒரு வரியை நான் எழுதினால் அடுத்த கேள்வி என்ன வரும்? "வேறு எத்தனை கையெழுத்து நீ போட்டாய்?" அதற்கு நான் என்ன சொல்ல? இருநூற்றுப் பன்னிரண்டில் எழுபது எண்பது என் கைப்பட எழுதியது. எல்லாம் அவரவர் சொல்லித்தான் எழுதினேன். அதை வெள்ளைக்காரனுக்கு விளங்கப்படுத்த முடியுமா? அடுத்த நாள் பத்திரிகையில் "தமிழர் கள்ளக் கையெழுத்து" என்று வரும். கடைக்குப் போகிற எங்கள் பெண்கள், வேலைக்குப் போகிற எங்கள் பெடியள் எல்லோரும் தலை குனிய வேண்டும். உன் பிள்ளைக்கு ஒரு நாள் வெட்கம். நீ கேட்பது முழுச் சனத்துக்கும் ஆயுள் வெட்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொன்னால் கோபிப்பாய். மன்றத் தலைவரின் மருமகளே மேடை ஏறி எங்கள் மண்டபத்தை இடிக்கச் சொல்லப் போகிறாள் என்று எனக்கு ஏன் ஒருவரும் முதலே சொல்லவில்லை? கூட்டத்துக்கு வந்துதான் நிகழ்ச்சித் தாளில் அவள் பெயரைப் பார்த்தேன். பக்கத்திலிருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அவமானத்தை நான் யாருக்கும் கடிதமாக எழுதவில்லை.

அவளை முதல் முதல் ஐஸில் இறக்கியது யார்? ஆறு வயது, குளிர் என்று அழுதாள். உனக்கு அன்று வேலை. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன், நான்தான் சறுக்குச் சப்பாத்துக்குக் கயிறு கட்டினேன். கழகத்தில் சேருகிற தாளிலும் கையெழுத்து நான்தான் போட்டேன். உன்னைக் கேட்டா போட்டேன்? அன்றைக்கு நீ "அண்ணை, நீங்கள் இல்லாட்டி நான் என்ன செய்வன்" என்றாய். அது நல்ல கையெழுத்து, இது கள்ளக் கையெழுத்து. எந்த ஊர் நியாயம் இது?

நான் பிள்ளையோடு நேரில் கதைக்கிறேன். அவள் என் ஞான மகள், அவளுக்கு நான் சொன்னால் விளங்கும். விக்ரோரியா மட்டன் ரோல்ஸ் செய்து வைத்திருக்கிறாள், ஸ்ரெபானிக்குப் பிடிக்கும் என்று. உன் வாசலில் வைத்துவிட்டுப் போவாள். அதையாவது எடு.

லோரன்ஸ்


லின்ஹோய்,
2 ஒக்டோபர் 2025

அண்ணைக்கு,

தபாலில் போட்டால் வாக்கெடுப்பு முடிந்த பிறகுதான் வரும். அதனால் நானே வந்து உங்கள் கடிதப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போகிறேன். மணி அடிக்க மாட்டேன்.

ரோல்ஸ் கிடைத்தது. அண்ணிக்கு நன்றி சொல்லுங்கள். ஸ்ரெபானி தொடவில்லை. வேலைக்குக் கொண்டுபோனேன், அங்கே சாப்பிட்டார்கள்.

நீங்கள் கேட்டது சரிதான். அன்றைக்கு நீங்கள் போட்ட கையெழுத்துக்கு நான் நன்றி சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன். அவளுக்கு அப்போது ஆறு வயது. இப்போது பதினேழு. நடுவில் பதினொரு வருடம் போனதை நீங்கள் கவனிக்கவில்லை.

சங்கதி இதுதான். உடை மாற்றும் அறையில் அவளை இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "நூற்று நாற்பத்தேழு" என்கிறார்கள். போன ஞாயிறு கோலில் வேறு பிள்ளை நின்றது, இவள் வாங்கில் இருந்தாள். ஏன் கையெழுத்து வைத்தாய் என்று பயிற்றுநர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். அப்போதும் இவள் வாய் திறக்கவில்லை.

நான் கொம்யூனுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்றாள். "நீங்க சொன்னா மாமா கள்ளன் எண்டு ஆகும். மாமா தானாச் சொல்லட்டும். அவர் சொல்லுவார், அம்மா" என்றாள். அண்ணை, அவள் இன்னும் உங்களை நம்பிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அவளுக்காகத்தான் இந்தக் கடிதத்தோடு வந்தேன்.

இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.

மரினா


லின்ஹோய்,
9 ஒக்டோபர் 2025

தங்கை மரினாவுக்கு,

முடிவு உனக்குத் தெரிந்திருக்கும். பதின்மூன்றுக்குப் பன்னிரண்டு. விரிவாக்கம் இல்லை, எங்கள் மண்டபம் தப்பியது. வெளியே வந்தபோது மன்றத்துச் சுஜிந்தன் என்னைத் தூக்காத குறை. முன்பின் தெரியாத டெனிஷ்காரர் இரண்டு பேர் வந்து கை குலுக்கினார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் ஒன்றாக நின்றதற்குக் கிடைத்த வெற்றி இது. இந்த ஊரில் எங்கள் சனத்தின் சொல் சபையில் எடுபட்டது இதுதான் முதல் தடவை. அதை நினைத்து நீயும் கொஞ்சம் சந்தோஷப்படலாம்.

உன் கடிதம் கிடைத்தது. நான் எழுத முயலவில்லை என்று நினைக்காதே. ஞாயிறு பின்னேரம் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். இரண்டு வரி எழுதினேன். டெனிஷ் சரியா என்று பார்க்க ஒருவரிடம் காட்ட வேண்டும், யாரிடம் காட்டுவது? அழித்தேன். திங்கள் ஜன்னல் தொழிற்சாலையில் ஆள் குறைவு, என்னை இரவு வரை மறித்துவிட்டார்கள். செவ்வாய் வாக்கெடுப்பு. நாள் போய்விட்டது.

இனி நான் எழுதினாலும் ஒன்றுதான், எழுதாவிட்டாலும் ஒன்றுதான். நடந்ததை விடு. அடுத்த ஞாயிறு நன்றிப் பூசை வைத்திருக்கிறோம், பிறகு மண்டபத்தில் சாப்பாடு. ஸ்ரெபானியையும் கூட்டிக்கொண்டு வா. எல்லோருக்கும் முன்னால் அவளைக் கூப்பிட்டு ஆசீர்வதிக்கச் சொல்லிச் சுவாமியிடம் கேட்டிருக்கிறேன். அவளுக்கும் ஆறுதலாக இருக்கும்.

அன்புடன்
அண்ணன்


லின்ஹோய்,
19 ஒக்டோபர் 2025

அண்ணைக்கு,

நீங்கள் நன்றிப் பூசை கொண்டாடுகிற நேரத்தில் இதை எழுதுகிறேன். அவளை ஆசீர்வதிக்க ஆள் தேடியிருக்கிறீர்கள். நல்லது, அந்த ஆசீர்வாதத்தை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்குத்தான் தேவை.

வாக்கெடுப்பு அன்று நான் மேல் வரிசையில் இருந்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. சுஜிந்தனோடு பகிடி விட்டுக்கொண்டிருந்ததில் சபையில் சொன்னதையும் நீங்கள் கேட்கவில்லை போலிருக்கிறது. சபைத் தலைவர் தொடக்கத்திலேயே சொன்னார், ஒரு பட்டியலில் எத்தனை பெயர் இருந்தாலும் அதை ஒரே ஒரு ஆட்சேபமாகத்தான் கணக்கில் எடுப்பார்களாம். இருநூற்றுப் பன்னிரண்டும் ஒன்றுதான். நீங்கள் ஒருவரின் பெயரையும் எழுதாமல், தனியாக உங்கள் பெயரில் ஒரு கடிதம் போட்டிருந்தாலும் அதே ஒன்றுதான்.

ஆனால் ஒரு பெயர் தனியாக எண்ணப்பட்டது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டாக நின்றபோது பிர்கிட்டே என்ற உறுப்பினர் எழும்பினார். அதுவரை எந்தப் பக்கமும் சாயாமல் இருந்தவர். "இளையவர்களுக்காக ஆதரிக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். பேச வந்த பெண்ணே எதிராகக் கையெழுத்து வைத்திருக்கிறாள். அவர்களுக்கே இது வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை" என்றார். எதிர்த்துக் கை தூக்கினார். உங்கள் சனம் வென்றது என்று எழுதியிருக்கிறீர்கள். வென்றது நூற்று நாற்பத்தேழாவது வரி ஒன்றுதான், அண்ணை. நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால் அவர் மற்றப் பக்கம் தூக்கியிருப்பார். எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஒன்று என்று இனி யாருக்கும் சொல்லாதீர்கள்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். அன்று அவள் வாசிக்காமல் கொண்டுவந்த இரண்டாவது தாள். குப்பைக் கூடையிலிருந்து எடுத்தேன். டெனிஷில் இருப்பதால் ஓரத்தில் வைத்துவிடுவீர்கள், அதனால் கீழே தமிழில் எழுதுகிறேன்.

"பக்கத்து மண்டபத்தைப் பற்றியும் நான் பேச வேண்டும். நான் தமிழ் எழுதப் பழகியது அங்கேதான். என் அப்பா இறந்தபோது எங்கள் ஆட்கள் எல்லோரும் கூடிச் சாப்பிட்டதும் அங்கேதான். என் மாமா அதை இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறார். அதனால் புதிய கட்டடத்தின் மேல் மாடியில் தமிழ் மன்றத்துக்கு ஒரு நிரந்தர அறை கேட்கிறேன். வரைபடம் போட்டவரிடம் போய்க் கேட்டேன், இடம் இருக்கிறது, கூட்டத்தில் கேள் என்றார். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. அந்த மண்டபத்துக்குச் சூடு வருவது ஐஸ் இயந்திரம் வெளிவிடும் வெப்பத்திலிருந்து. இயந்திரம் மிகப் பழசு. இப்போது புதுப்பிக்காவிட்டால் ஐஸ் மண்டபத்தை மூடுவார்கள், அப்போது மாமாவின் மண்டபமும் குளிரில் மூடும். இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே கட்டுங்கள்."

மண்டபத்தை இடிக்கச் சொல்லப் போனாள் என்று எழுதினீர்களே. அவள் உங்களுக்கும் சேர்த்துக் கேட்கப் போனவள். உங்களுக்கு முதலே சொல்லவில்லை, ஏனென்றால் கூட்டத்தில் கேட்டு நீங்கள் சந்தோஷப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். நானும் சொல்லாமல் இருந்தேன். அது என் பிழை.

மரினா


லின்ஹோய்,
2 நவம்பர் 2025

மரினாவுக்கு,

இன்று கல்லறைத் திருநாள். பேதுருவின் கல்லறைக்குப் போனேன். உன் மெழுகுதிரி எனக்கு முன்னமே எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்று செபம் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிள்ளையின் தாளை டெனிஷிலும் வாசித்தேன், தமிழிலும் வாசித்தேன். அதற்கு மூன்றாம் நாள் கொம்யூனிலிருந்து தலைவர் என்று என் பெயருக்குக் கடிதம் வந்தது. விரிவாக்கம் இல்லாதபடியால் பழைய குளிர் இயந்திரத்துக்கு இனிச் செலவழிப்பதில்லையாம். மார்ச் முடிய ஐஸ் மண்டபம் மூடப்படும், அதே நாளிலிருந்து எங்கள் மண்டபத்துக்கும் சூடு இல்லை, திறப்பை ஒப்படைக்கவும் என்று இருந்தது. அவள் எழுதியதை யாரோ எடுத்துக் கடிதமாகப் போட்டது போல இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கையால் கெட்டேன். என்னோடு சேர்த்து எல்லோரையும் கெடுத்தேன்.

இன்று பூசை முடிந்து கோப்பிக்கு முன் எழும்பி நின்று சொன்னேன். அந்தக் கையெழுத்து நான் போட்டது, பிள்ளையைக் கேட்காமல் போட்டது, அவள் எனக்காக அவமானப்பட்டாள், மண்டபத்தையும் நான்தான் இழக்க வைத்தேன் என்று. அழுவார்கள் அல்லது அடிப்பார்கள் என்று நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. "அதை ஏன் அண்ணை இப்ப கிளறுறியள்" என்றார் ஒருவர். "அந்தப் பெட்டை அண்டைக்கே சொல்லியிருந்தால் பிரச்சினை முடிஞ்சிருக்கும்" என்றாள் இன்னொருத்தி. அதைக் கேட்டதும் தலைவர் பதவியை விட்டுவிட்டேன். சுஜிந்தன் மண்டபத் திறப்பை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு எல்லோரும் கோப்பி குடித்தார்கள்.

கொம்யூனுக்குப் போன கிழமையே எழுதியிருந்தேன். டெனிஷைத் திருத்த யாரிடமும் காட்டவில்லை, பிழையோடு அனுப்பினேன். கருத்துக் கேட்கும் காலம் முடிந்துவிட்டது, உங்கள் கடிதம் கோப்பில் சேர்க்கப்படும் என்று பதில் வந்தது. உள்ளூர்ப் பத்திரிகைக்கும் அதே வரியைப் போட்டேன். போடுவார்களோ தெரியாது.

பிள்ளை கேட்டாள் என்று எழுதினாய், "மாமா ஏன் என்னட்டைக் கேக்கேல்லை" என்று. அதற்குப் பதில் எனக்கு முதல் நாளே தெரியும். பழக்கத்தில் கை போட்டுவிட்டது என்று உனக்கு எழுதினேனே, அது பொய். அன்று சாப்பாட்டு மேசையில் பதிவேட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தவன், உங்கள் வீட்டுப் பக்கம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்தேன். விக்ரோரியா சட்டி கழுவிக்கொண்டு நின்றவள், "மரினாவிட்டை ஒருக்கால் கேளுங்கோவன்" என்றாள். கேட்டால் பிள்ளை மாட்டேன் என்று சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு ஐஸ் என்றால் உயிர் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்ததால்தான் கேட்கவில்லை. தலைவர் வீட்டு ஆட்களின் பெயர் பட்டியலில் இல்லை என்று ஊர் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். பேனாவை எடுத்து எழுதினேன்.

கூட்டத்தில் எழும்பாததற்கும் காரணம் அதுதான், வேறு பெரிய காரணம் இல்லை. பயந்தேன். அவள் என்னைப் பார்த்தபோது, சொல்லிவிடுவாளோ என்றுதான் பயந்தேன். சொல்லாமல் இறங்கியபோது எனக்கு ஆறுதலாக இருந்தது, மரினா. அந்த ஆறுதலை நினைத்தால் இப்போது என்னையே பிடிக்கவில்லை.

பெண்கள் அணியைக் கலைத்துவிட்டார்கள் என்றும், பிள்ளை ஆல்போர்க் நகருக்குப் போகிறாள் என்றும் விக்ரோரியா யாரிடமோ கேட்டு வந்தாள். அவளுக்கு நானே எழுத வேண்டும். நேரில் வர எனக்கு முகமில்லை. அவளுடைய முகவரியை அனுப்பிவிடு.

லோரன்ஸ்


லின்ஹோய்,
14 டிசம்பர் 2025

அண்ணைக்கு,

பதில் எழுத ஆறு கிழமை எடுத்தது. வேலை என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள், ஆனால் வேலையால் இல்லை.

உங்கள் கடிதத்தை ஸ்ரெபானிக்கு முழுக்க வாசித்துக் காட்டினேன். அவள் போவதற்கு முதல் நாள், பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். பேனாவைக் கீழே வைத்த இடம் வந்ததும் அடுக்குவதை நிறுத்தினாள். கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு மற்றச் சப்பாத்தையும் பெட்டிக்குள் வைத்தாள்.

பழைய பயிற்றுநர் அங்கே ஒரு அணியில் இடம் எடுத்துக் கொடுத்தார். ஜிம்னாசியப் பள்ளிப் படிப்பையும் அங்கே மாற்றிக்கொண்டாள். அணித் தோழி ஒருத்தியோடு அறை. போன கிழமை அவளுக்குப் பதினெட்டு வயது முடிந்தது. பிறந்தநாளுக்கு வீட்டுக்கு வரவில்லை, அன்று அவர்களுக்கு ஆட்டம் இருந்தது. நான் ரயில் ஏறிப் போய்ப் பார்த்தேன். கோலில் நின்றாள். நாலு கோல் விட்டாள், ஆனால் நின்றாள்.

நீங்கள் எழுதியது பத்திரிகையில் வந்தது, விளம்பரங்களுக்குப் பக்கத்தில் சின்னதாக. பழைய அணிப் பிள்ளைகள் இரண்டு பேர் மன்னிப்புக் கேட்டு அவளுக்குச் செய்தி அனுப்பினார்கள். வாசித்தாள் என்று தெரியும், பதில் போட்டாளா என்று நான் கேட்கவில்லை. பிர்கிட்டே என்னைக் கடையில் கண்டு நின்று ஏதோ சொல்ல வந்தார். நான் பால் எடுக்கப் போய்விட்டேன்.

நீங்கள் மண்டபத்தில் எழும்பி நின்று சொன்னது எனக்குச் சந்தோஷம் என்று எழுத ஆசை. எழுதினால் பொய்யாகும். அந்த ஒரு நிமிடம் செப்டெம்பரில் வேண்டியிருந்தது. நவம்பரில் நின்றது உங்கள் மனதுக்காக. அதற்காக உங்களைக் குறை சொல்லவும் எனக்கு இப்போது தெம்பில்லை. பதினொரு வருடம் எல்லாத் தாளிலும் உங்களைப் போடவிட்டது நானும்தான். எனக்கு அது வசதியாக இருந்தது. அவளைக் கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை.

முகவரி கேட்டிருந்தீர்கள். முந்தி என்றால் அடுத்த தபாலிலேயே அனுப்பியிருப்பேன். இந்த முறை அவளிடம் கேட்டேன். ரயில் நிலையத்தில், நான் திரும்பி வருகிற நேரம், "மாமா உன்ரை முகவரியைக் கேக்கிறார், குடுக்கட்டோ?" என்றேன். ரயில் வந்து கதவு திறந்த பிறகுதான் வாய் திறந்தாள். கொடுக்க வேண்டாம் என்றாள்.

மரினா